ஒன்பது ஹெருக்காக் குச்சிகள்

ஸ்மோலாந்து, ஸ்வீடன்
1945 ஆகஸ்ட் 19, ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மா,

இன்று பகலில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது வேறு உறையில் வரும். நான் நலம், பள்ளி திறக்கப்போகிறது, பூனை நான்கு குட்டி போட்டது என்று அதில் இருக்கும். அதெல்லாம் பொய்யில்லை. பூனை உண்மையிலேயே நான்கு குட்டி போட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை இந்த வீட்டுக்காரி அல்மா அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதவைக்கிறாள். அவளுக்கு நம் மொழி தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் அவள் மொழியில் நான் சொல்லிக் காட்ட வேண்டும். சொல்லிக் காட்டக்கூடிய வரிகளை மட்டும்தான் எழுத முடியும்.

இந்தக் கடிதத்தை யாருக்கும் சொல்லிக் காட்டப்போவதில்லை. மாடியறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் உட்கார்ந்து, ஒரு துண்டு மெழுகுவத்தியை வைத்து எழுதுகிறேன். மாடிப்படியில் ஏழாவது படி கிறீச்சிடும். அது கேட்டால் ஊதி அணைத்துவிடுவேன். பக்கத்துப் பண்ணையில் இருக்கும் ரைலியை உனக்குத் தெரியும், போருக்குப் பயந்து பிள்ளைகளை இங்கே அனுப்பிய அதே ரயிலில் என்னோடு வந்த பெண். இதை அவள் தபாலில் போடுவாள். பதிலை அவள் வீட்டு முகவரிக்கு அனுப்பு. இந்த வீட்டுக்கு அனுப்பாதே.

நேற்றோடு ஹெருக்காப் பழம் பறித்து முடித்தோம். இங்கே தோட்டத்தில் எட்டுப் புதர்கள். ஐந்து கறுப்பு, மூன்று சிவப்பு. "உன் கை சின்னது, முள்ளில்லாத செடிதானே, உள்ள நுழை" என்று என்னைத்தான் புதருக்கு நடுவில் அனுப்பினார்கள். சிவப்பைச் சரத்தோடு கிள்ள வேண்டும். கறுப்பை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், பட்டாணியைவிடச் சின்னது, அழுத்தினால் கையெல்லாம் ஊதா. அல்மா அத்தை முப்பத்தொரு புட்டி சாறு காய்ச்சினாள். நான் உள்ளே இருந்தபோது ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். நாம் விட்டுவந்த கிர்வுவில் நம் முற்றத்தின் வாசனை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தையின் வீட்டுக்காரர் பெர்டில் மாமா வெளியிலிருந்து, உள்ளே கரடி பிடித்துக்கொண்டதா என்று கேட்டார்.

அம்மா, ஜூலையில் நீ எழுதியிருந்தாய். சிஸ்மாவில் நமக்கு நிலம் அளந்து கொடுத்துவிட்டார்கள் என்று. "நம் தோட்டத்தில் ஹெருக்கா காய்க்கும்போது நீ இங்கே இருப்பாய்" என்று. உன் கடிதங்களையும் அல்மா அத்தைக்கு நான் சொல்லிக் காட்ட வேண்டும், ஆனால் அந்த வரியைச் சொல்லவில்லை. "அங்கே நிறைய மழை பெய்கிறதாம்" என்று சொன்னேன்.

ஆனால் நேற்று மாமாவிடம் சும்மா கேட்பதுபோல, ஒரு குச்சியை நட்டால் எப்போது காய்க்கும் என்று கேட்டேன். "மூணு வருஷம். அவசரப்பட்டா செடி கேக்காது" என்றார். மூன்று வருடத்தில் எனக்குப் பதினைந்து வயதாகிவிடும். நீ அதைத்தான் நினைத்து எழுதினாயா?

இன்னொன்று. புதன்கிழமை சமையலறையில் அல்மா அத்தை மாமாவிடம், "அந்தத் தாளை அனுப்பிட்டேன். இனி அவங்க கையெழுத்துப் போட்டா போதும்" என்று சொன்னாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் பால் பாத்திரத்தோடு நின்றேன். அது என்ன தாள்? என்னைப் பற்றியதா?

கேட்கக்கூடாது என்று நினைத்தேன், கேட்டுவிடுகிறேன். தம்பி தாவிக்குக் காதில் சீழ் என்று டாக்டர் அவனை ரயிலிலிருந்து திருப்பி அனுப்பினார். நீ அவனை வாங்கிக்கொண்டாய். ரயில் நகர்ந்தபோது நீ என்னைப் பார்க்கவில்லை. அவன் தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாய். ஒன்றரை வருடமாக அந்த நாடாதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் முகம் அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறது.

கெர்த்து


சிஸ்மா, பின்லாந்து
1945 செப்டம்பர் 9

கெர்த்து,

இரண்டு கடிதமும் வந்தன. பூனைக் குட்டிகளைப் பற்றித் தாவிக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றை உறையில் போட்டு அனுப்பச் சொல்கிறான்.

நாங்கள் நலம். முதலில் குளியல் குடிலைக் கட்டினேன். அதுதானே முறை. குடில் இருந்தால் குளிக்கலாம், துவைக்கலாம், ரொட்டி சுடலாம், படுக்கலாம். வீடு பிறகு வரும். சனிக்கிழமை கல்லடுப்பைப் பற்றவைத்து ஆவிக் குளியல். மற்ற நாட்களில் அதே பலகையில் நானும் தாவியும் தூங்குகிறோம். அவன் மேல் பலகை, நான் கீழ்ப் பலகை. சைமி என்று ஒருத்தி அடுத்த நிலத்தில் இருக்கிறாள். அவளும் கிர்வுக்காரி. அவளிடம் ஒரு குதிரை இருக்கிறது, ஒரு நாவும் இருக்கிறது. நாக்குத்தான் அதிகம் வேலை செய்கிறது.

பழச்செடி எதுவும் இன்னும் வைக்கவில்லை. நிலம் முழுக்க வேர்க்கட்டைகள். உன் அப்பா இருந்திருந்தால் வெடி வைத்து எடுத்திருப்பார். நான் கடப்பாறையால் எடுக்கிறேன்.

தாவிக்குக் காது வலி. அதனால் திருப்பி அனுப்பினார்கள். அதில் வேறு எதுவும் இல்லை.

அல்மா அனுப்பிய தாள் வந்தது. அது பெரியவர்கள் விஷயம். நீ பாலைக் குடி, பாடத்தைப் படி. மெழுகுவத்தி வைத்துக்கொண்டு மரவீட்டில் உட்காராதே. தீப்பிடித்தால் என்ன செய்வாய்.

அம்மா


1945 அக்டோபர் 7

அன்புள்ள அம்மா,

ரைலி ஊருக்குத் திரும்புகிறாள். அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவள் அம்மா எழுதிவிட்டாளாம். வெள்ளிக்கிழமை கப்பல். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், ஆனால் அழும்போதே சிரித்தாள். நான் அவள் பெட்டியை அடுக்கிக் கொடுத்தேன்.

அவள் ரப்பர் காலணிக்குள் ஒரு பொட்டலம் இருக்கிறது. அதை உனக்குத் தபாலில் அனுப்புவாள். பிரிக்கும்போது கவனம். ஒன்பது கறுப்பு ஹெருக்காக் குச்சிகள். ஈரப் பாசியில் சுற்றி, மேலே எண்ணெய்த் துணி கட்டியிருக்கிறேன்.

யாருக்கும் தெரியாது. பெர்டில் மாமா கிளை வெட்டுவதைப் பார்த்து வைத்திருந்தேன். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், அடியில் சாய்த்து வெட்ட வேண்டும், மொட்டுக்குக் கீழே. மாமாவின் கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கடைசி மூலையில் இருக்கும் புதருக்குப் போனேன். அந்தப் பக்கம் ஆடு கட்டுவதைத் தவிர யாரும் போவதில்லை. இலையெல்லாம் கொட்டிவிட்டதால் மொட்டுகள் நன்றாகத் தெரிந்தன. மற்றப் புதர்களில் மொட்டு ஒல்லியாக, கூராக, குச்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் புதரில் உருண்டை உருண்டையாக, பட்டாணி மாதிரி. அப்படிப் பருத்தவை எந்தக் குச்சியில் அதிகமோ அதையே தேர்ந்தெடுத்தேன். இவ்வளவு பலம் உள்ளவை மூன்று வருடம் காத்திருக்காது. இரண்டு வருடத்தில் காய்க்கும். நீ உரம் போட்டால் அதற்கும் முன்னால்.

இது திருட்டு என்று எனக்குத் தெரியும். கத்தியைத் திருப்பி வைக்கப் போனபோது அல்மா அத்தை வழியில் வந்தாள். என் கை ஜில்லென்று இருப்பதைப் பார்த்து இரண்டு கைகளையும் தன் அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள். "எங்கடி போனே, மீன் மாதிரி குளுந்து கிடக்கு" என்றாள். கத்தி என் காலுறைக்குள் இருந்தது. அவள் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவர்களுக்குத் தெரிந்தால் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நம் நாட்டிலிருந்து வந்த ஒரு பையனை மூன்று வீடு மாற்றிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் அவன் மாட்டுத் தொழுவத்தில் தூங்குகிறான்.

நீ குச்சிகளைத் தரை உறைவதற்குள் நடு. இரண்டு மொட்டு மட்டும் வெளியே தெரியட்டும். கடிதத்தை ரைலி வீட்டுக்கே அனுப்பு, அந்த வீட்டு அம்மா வாங்கி வைக்கிறேன் என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை.

கெர்த்து


1945 நவம்பர் 4

கெர்த்து,

பொட்டலம் வந்தது. குடிலின் தெற்குச் சுவரோரம் நட்டுவிட்டேன். ஒன்பதும் வேர் பிடித்துவிட்டன. நீ கவலைப்படாதே.

இனி அப்படி எதையும் எடுக்காதே. அவர்கள் வீட்டில் உண்கிறாய்.

பனி விழத் தொடங்கிவிட்டது. தாவிக்கு உன் பழைய கோட்டு இப்போது சரியாக இருக்கிறது.

அம்மா


1946 ஜனவரி 13

அன்புள்ள அம்மா,

குச்சிகள் வேர் பிடித்தன என்று நீ எழுதிய கடிதத்தைத் தலையணை உறைக்குள் தைத்து வைத்திருக்கிறேன். படுத்தால் சரசரக்கிறது.

இங்கே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தால் ஹெருக்காப் புதர்கள் பனியில் மூழ்கி, நுனிகள் மட்டும் துடைப்பங்களைத் தலைகீழாக நட்டு வைத்ததுபோலத் தெரிகின்றன. மாமா அவற்றைக் கயிற்றால் கட்டிவைத்திருக்கிறார், பனியின் பாரத்தில் பிளக்காமல் இருக்க. நீயும் கட்டினாயா? இல்லை, நம்முடையவை இன்னும் சிறியவை. பனி மூடினால் அவற்றுக்கு நல்லது.

ரைலி போனபிறகு நம் மொழியில் பேச யாரும் இல்லை. ஆட்டிடம் பேசிப் பார்த்தேன். அது காதை ஆட்டியது. சில வார்த்தைகள் போய்விடுகின்றன. நேற்று மாவு சலிப்பதற்கு நாம் என்ன சொல்வோம் என்று இரவு முழுக்கத் தேடினேன், இன்னும் வரவில்லை. அதனால்தான் நீ பதில் போடாவிட்டாலும் எழுதுகிறேன். பள்ளியில் என்னை யாரும் அடிப்பதில்லை. "பின்லாந்து" என்றுதான் கூப்பிடுகிறார்கள், பெயரே அதுபோல. "பின்லாந்து, பந்தை எடு." எடுத்துக் கொடுக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பனிச்சறுக்குக் காலணி கிடைத்தது. புதியது. அல்மா அத்தை கடையில் வாங்கியிருக்கிறாள். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் நெஞ்சில் நிற்கிறது. காலணியைப் போட்டுக்கொண்டு சமையலறையில் எழுந்து நின்றேன், தடுமாறினேன், அவளை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். வேண்டுமென்று இல்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் அதைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு முழுவதும் மெல்லப் பாடிக்கொண்டே இருந்தாள். மறுநாள் நான் "அத்தை" என்றபோது பாட்டு நின்றுவிட்டது.

அந்தத் தாளைப் பற்றி நீ இன்னும் சொல்லவில்லை.

நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். 1947 ஜூலை. அதுவரை இன்னும் பதினெட்டு மாதம்.

கெர்த்து


1946 ஏப்ரல் 14

அம்மா,

இதை வேகமாக எழுதுகிறேன். நீ உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தக் குச்சிகளைப் பிடுங்கி எரித்துவிடு. ஒன்பதையும். அடுப்பில் போடு, வெளியில் எறியாதே.

இன்று பெர்டில் மாமா ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு புதர் புதராகப் போனார். மொட்டு விரிவதற்கு முன்னால் வருடா வருடம் செய்வாராம். நானும் கூடப் போனேன். கறுப்புப் புதர்களில் எங்கேயாவது உருண்டையான மொட்டு தெரிந்தால் கிள்ளி டப்பாவில் போட்டார். "ஐயோ, நல்ல மொட்டை ஏன் கிள்ளுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். ஒன்றை நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே பச்சையும் இல்லை, பூவும் இல்லை. வெளுத்துப்போன பிசுபிசுப்பு.

"இது கொழுப்பு இல்ல கண்ணு, வீக்கம். கண்ணுக்குத் தெரியாத பேன் ஆயிரக்கணக்குல உள்ள உக்காந்து தின்னுட்டிருக்கு. இதுல இலையும் வராது, காயும் வராது. ஒல்லியா இருக்கறதுதான் ஒழுங்கான மொட்டு."

பிறகு மூலைப் புதருக்கு வந்தோம். அதைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். அதில் கிள்ளி மாளாது, வேரோடு தோண்டி எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் மற்றப் புதர்களுக்கும் போகும் என்றார். குனிந்தவர், நான் வெட்டிய இடங்களைத் தடவிப் பார்த்தார். சாய்வாக, ஒழுங்காக வெட்டியிருந்த இடங்கள். "இது யாரு வேலை?" என்று கேட்டார். ஆடாக இருக்கும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஆடு நன்றாகக் கத்தி பிடிக்கிறது என்றார். அவ்வளவுதான். நான் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. அவர்கள் நாளைக்குக் கேட்கலாம். நாளைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பலாம்.

சைமி அத்தையின் தோட்டத்தில் செடி இருக்கிறதா? அதற்கும் பரவியிருந்தால் அது நான் அனுப்பிய நோய்.

இவ்வளவும் எழுதியபிறகு இன்னொன்று தோன்றியது. கிர்வுவில் நீதான் செடி வளர்த்தாய். வீங்கிய மொட்டைப் பார்த்தால் உனக்குத் தெரியாதா? அப்புறம், நவம்பரில் வேர் பிடித்தது என்று எழுதினாய். மாமா இன்று சொன்னார், இலையுதிர் காலத்தில் நட்ட குச்சி வசந்தத்தில்தான் வேர் விடுமாம், உறைந்த மண்ணில் ஒன்றும் நடக்காதாம்.

உன் குடிலின் தெற்குச் சுவரோரம் என்ன இருக்கிறது அம்மா? ஒன்றும் இல்லை என்றால், நான் எந்தப் பழத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்?

கெர்த்து


சிஸ்மா
1946 ஏப்ரல் 28

என் கெர்த்து,

எரித்துவிட்டேன். பொட்டலம் வந்த அன்றே எரித்தேன், அக்டோபரில். எண்ணெய்த் துணியைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. ஒன்பது குச்சியிலும் ஒரு நல்ல மொட்டு இல்லை. அவ்வளவு கவனமாகத் தேடித் தேடி நோயை மட்டும் பொறுக்கியிருக்கிறாய். முதலில் சிரித்தேன். பிறகு பாசியை நீ கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தேன், உன் அப்பா கட்டும் முடிச்சு, அதற்கப்புறம் சிரிக்கவில்லை. சைமியின் செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தெற்குச் சுவரோரம் விறகு அடுக்கியிருக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

நான் ஏன் பொய் எழுதினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். மேசையில் உட்கார்ந்து பேசினால் எனக்கு வராது, எழுதினால் வருகிறதா பார்க்கிறேன். கிர்வுவில் கல்யாணமான வருடம் ஹெருக்கா நட்டேன். நீ அந்தப் பழத்தைத் தின்றாய். முதல் போரில் அதை விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது வீடும் இல்லை, புதரும் இல்லை. மறுபடி நட்டேன். பூத்திருந்தபோது இரண்டாம் முறை கிளம்பினோம். பசுவை ஓட்டிக்கொண்டு அந்தப் பூவைத் தாண்டித்தான் வந்தேன். இங்கே நிலம் கிடைத்ததும் நம் நிலம் முன்பு யாருடையதாக இருந்ததோ அந்த ஊர்க்காரர் வேலியோரம் வந்து நின்றார். "நல்லா நடுங்கம்மா. அடுத்த சண்டைக்கு நீங்க ஓடுனதும் நாங்க பறிச்சுக்கறோம்" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். நான் அன்றைக்கு மண்வெட்டியை உள்ளே வைத்துவிட்டேன். பிறகு உருளைக்கிழங்கு மட்டும் போட்டேன், அது ஒரே வருடத்தில் வந்துவிடும். மூன்று வருடம் காத்திருக்கும் எதையும் நட என்னால் முடியவில்லை. ஆனால் உனக்கு "காய்க்கும்போது" என்று எழுதினேன். நடாத செடி காய்க்காது. அது எனக்குத் தெரிந்தேதான் எழுதினேன்.

தாளைப் பற்றி. அல்மா உன்னைத் தன் பெண்ணாகவே வைத்துக்கொள்ளக் கேட்டிருந்தாள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள், ஒரு பாதிரியாரைக் கொண்டு நம் மொழியில் எழுதவைத்து. எட்டு மாதமாக அது கடிகாரத்துக்குப் பின்னால் இருந்தது. சனிக்கிழமை குளித்துவிட்டு அதை எடுத்து வைத்துக்கொள்வேன். அங்கே உனக்கு வெண்ணெய் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, இப்போது சறுக்குக் காலணி இருக்கிறது. இங்கே பலகை. பேனாவில் மை தொட்டு இரண்டு தடவை வைத்தேன். நீ அவளை அம்மா என்று கூப்பிட்டாய் என்று எழுதிய வாரம் மூன்றாம் தடவை. உனக்கு அதுதான் நல்லது என்று நினைத்தேன். கை போகவில்லை. அதனால்தான் ஜனவரியிலிருந்து உனக்குப் பதில் எழுதவும் முடியவில்லை. கையெழுத்துப் போடவும் முடியாதவள், வா என்று சொல்லவும் முடியாதவள், என்ன எழுதுவாள்.

சைமி நேற்று வந்தாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் என் கையிலிருந்து பிடுங்கி மறுபடி படித்தாள். "இந்தப் பொண்ணு உங்கிட்ட பழமாடி கேக்குறா? கல்லு மாதிரி உக்காந்திருக்கியே" என்றாள். குதிரையிடம் பேசுவதைவிடக் கேவலமாகப் பேசினாள். அவள் போனதும் தாளை அடுப்பில் போட்டேன்.

தொப்பி நாடா. அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. நான் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். தலையை நிமிர்த்தினால் உன்னை ஜன்னல் வழியாக இழுத்து இறக்கிவிடுவேன் என்று பயம். நிமிர்த்தியிருக்க வேண்டும்.

வா. வீடு இல்லை, செடி இல்லை. மேல் பலகையில் தாவி நகர்ந்து படுப்பான், கேட்டுவிட்டேன். ஜூன் 18 கப்பலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

இந்த உறையில் அல்மாவுக்கும் ஒரு கடிதம் இருக்கிறது. நம் மொழியில்தான் எழுத முடிந்தது. அதை நீயே அவளுக்குப் படித்துச் சொல். ஒவ்வொரு வரியும். நான் எழுதாத மழையைச் சொல்லாதே.

மாவு சலிப்பதற்கான வார்த்தையை வந்ததும் சொல்கிறேன். இங்கே மாவு இருக்கிறது, சல்லடையும் இருக்கிறது.

அம்மா


ஸ்மோலாந்து
1946 ஜூன் 2, ஞாயிறு, பகல்

அன்புள்ள அம்மா,

இதைச் சமையலறை மேசையில் எழுதுகிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது. அல்மா அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

நீ அத்தைக்கு எழுதிய கடிதத்தை மூன்று வாரம் ஒளித்து வைத்திருந்தேன். படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கீழே இறங்குவேன், அவள் எனக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள், திரும்பி மேலே போய்விடுவேன். போன ஞாயிறு இனியும் ஒளிக்க முடியாமல் அதை மேசையில் வைத்தேன். படிக்கத் தொடங்கினேன். நீ எழுதிய முதல் வரியிலேயே நிறுத்திவிட்டேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் படித்தேன். நீ நன்றி சொன்ன இடத்தையும், என்னைத் திருப்பிக் கேட்ட இடத்தையும், தாளை எரித்தேன், மன்னித்துவிடு என்று எழுதிய இடத்தையும்.

முடித்ததும் அவள் மேசைவிரிப்பின் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "இந்தத் தடவை மழையைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு கடிதத்துலயும் ஒரு இடத்துல நீ நிறுத்துவே. அப்புறம் மழைன்னு சொல்லுவே. அவ்வளவு மழை பெஞ்சா அந்த ஊரே மிதந்து போயிருக்கும்னு உங்க மாமா சொல்வாரு. அந்த இடத்துல உங்க அம்மா என்ன எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்தேன்."

நான் குச்சிகளைப் பற்றியும் சொல்லிவிட்டேன். கத்தி, காலுறை, ரைலியின் ரப்பர் காலணி, எல்லாம். பெர்டில் மாமா கதவருகே குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார். "ஒன்பதா? நான் எட்டுன்னுல்ல எண்ணினேன்" என்றார். வேறு வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்படி ஒரு யோசனை இந்த வீட்டில் எப்போதும் இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்த இரண்டு வருடப் பயத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நேற்று காலை அத்தை என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். சிவப்பு ஹெருக்காவில் ஒரு தாழ்ந்த கிளையைப் போன வருடம் வளைத்து மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்திருந்தாள். எதற்கு என்று நான் அப்போது கேட்டதில்லை. இந்த வீட்டில் எனக்கென்று ஒரு செடி இருக்கட்டும் என்று வைத்தாளாம். கல்லை எடுத்து, கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டி, மண்ணோடு தோண்டி எடுத்தோம். வேர்கள் தடிமனாக, மஞ்சளாக இருந்தன. பழைய பால் தூக்கில் வைத்து ஈரத் துணி சுற்றியிருக்கிறோம். இதை நானே கையில் கொண்டுவருவேன், காலணிக்குள் ஒளிக்க மாட்டேன். அத்தை உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். சிவப்பில் அந்தப் பேன் வருவதில்லையாம், இருந்தாலும் அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கணுவாகப் பார்த்துவிட்டாளாம்.

அதில் காய் இருக்கிறது அம்மா. இரண்டு சரம், பச்சையாக. பிடுங்கி நடும் செடியில் காயை விடக்கூடாது, வேருக்குப் பலம் போய்விடும் என்று மாமா கிள்ளப் போனார். ஒரு சரத்தை மட்டும் விடச் சொல்லிக் கேட்டேன். ஏன் என்று கேட்டார். நம் தோட்டத்தில் காய்க்கும்போது நான் அங்கே இருப்பேன் என்று நீ எழுதியதைச் சொன்னேன். அத்தை, "விடுங்க. அது கணக்குல இருக்கு" என்றாள். ஏழு காய்கள். கப்பல் ஆடினால் இரண்டு உதிரலாம். ஐந்து வந்து சேரும். ஜூலையில் பழுக்கும். தெற்குச் சுவரோரம் இருக்கும் விறகை எடுத்துவிடு.

இவ்வளவையும் எழுதி, அத்தைக்கு வரிவரியாகச் சொல்லிக் காட்டினேன். ஒரு வரியையும் மாற்றவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்க் காபிப் பானையை அடுப்பில் வைத்தாள். அதில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாள். நான் ஊற்றினேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கிருந்து அவளுக்கு எழுதுவேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்துகொள். ஒவ்வொரு வரியையும் உனக்குச் சொல்லிக் காட்டுகிறேன்.

கெர்த்து